இரண்டு லித்தியம் பேக், ஒரே சார்ஜர்: நான்கு வருட அனுபவம்

மின்சார சைக்கிளில் இரண்டு 48 வோல்ட் லித்தியம் பேக்குகளைப் பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்து நான்கு வருடமாக ஓட்டுகிறேன். இரண்டிலும் 13 செல் குழுக்கள் வரிசையாக இருக்கும். முழு சார்ஜில் 54.6 வோல்ட். முதல் பேக்கோடு தூரம் போதாமல், ஒரு வருடம் கழித்து இரண்டாவதை வாங்கினேன். இத்தனை நாளில் சார்ஜர் எனக்கு எந்தத் தொல்லையும் தந்ததில்லை. கவலைப்பட வேண்டியிருந்ததெல்லாம் இரண்டு பேக்குகளும் தங்களுக்குள் தள்ளிக்கொள்ளும் கரண்டைப் பற்றித்தான்.

முதல் நாளே அது தெரிந்துவிட்டது. அளந்து பார்க்காமல் கனெக்டரைச் செருகினேன். பட்டென்று ஒரு தீப்பொறி; அந்த எக்ஸ்டி-60 கனெக்டரின் முனையில் கருகிய குழி. உடனே பிடுங்கி மல்டிமீட்டரை வைத்தால் ஒன்று 53.8 வோல்ட், மற்றது 47.8. ஆறு வோல்ட் வித்தியாசம். செல்லின் உள்தடை, ஒயர், பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, அளவு மீறினால் துண்டிக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) எல்லாம் சேர்த்து ஒரு பேக்குக்குச் சுமார் 0.1 ஓம் என்று வைத்தால், இரண்டுக்கும் 0.2 ஓம். ஆறை அதால் வகுத்தால் 30 ஆம்ப்! பேக்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் அதிகபட்ச சார்ஜிங் கரண்ட் 5 ஆம்ப் என்றுதான் போட்டிருந்தது.

அன்றிலிருந்து வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் மட்டுமே இணைக்கிறேன். அதே கணக்கில் அது 1 ஆம்ப்தான். அதற்கு மேல் இருந்தால் குறைவாக உள்ள பேக்கை முதலில் தனியாகச் சார்ஜ் செய்வேன். அதற்கு வழியில்லாதபோது நடுவில் 10 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துச் சமன் செய்திருக்கிறேன். 5 வோல்ட் வித்தியாசத்துக்கு அரை ஆம்ப்தான் ஓடும், பல மணி நேரம் பிடிக்கும். நேற்றுதானே இரண்டையும் முழுசாகச் சார்ஜ் செய்தோம் என்று நம்பி ஒருநாளும் அளக்காமல் இணைப்பதில்லை.

இணைத்தபின் ஆபத்து முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டாம் வருடம் ஒருநாள் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பேக்குக்கும் நடுவில் போகும் ஒயரில் சும்மா கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் மீட்டர்) மாட்டினேன். 6 ஆம்ப் காட்டியது. சார்ஜரே இல்லை, மோட்டாரும் ஓடவில்லை!

பேக்கைப் பிரித்து ஒவ்வொரு செல் குழுவாக அளந்தபோதுதான் புரிந்தது. பழைய பேக்கில் ஒரு குழு மட்டும் 4.2 வோல்ட்டைத் தொட்டிருந்தது, மற்றவை 4.1-க்குக் கீழே. அந்த ஒரு குழு முந்திக்கொண்டதால் பிஎம்எஸ் சார்ஜிங்கை நிறுத்தியிருக்கிறது. புதிய பேக் மட்டும் தொடர்ந்து ஏறி உச்சத்துக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குழுவின் வோல்ட் லேசாக இறங்கியதும் பிஎம்எஸ் மறுபடி திறந்துவிட, உயரத்தில் இருந்த புதிய பேக்கின் கரண்ட் பழைய பேக்குக்குள் பாய ஆரம்பித்திருக்கிறது. வெளியில் சத்தமும் இல்லை, சூடும் இல்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒரு பிஎம்எஸ் மூடிக்கொண்டால் சார்ஜரின் மொத்தக் கரண்டும் மற்ற பேக்குக்குத்தான் போகும். என்னுடையது 4 ஆம்ப் சார்ஜர், அதனால் தப்பித்தேன். பேக்குக்கு 5 ஆம்ப் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்ப் சார்ஜர் வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தனியாக ஒரு பேக் தாங்குவதுதான் உச்சம்.

சார்ஜிங்குக்கும் டிஸ்சார்ஜுக்கும் தனித்தனி ஒயர் வரும் பிஎம்எஸ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். டிஸ்சார்ஜ் பக்கத்தில் பேரலல் செய்தால் பக்கத்து பேக்கிலிருந்து வரும் கரண்ட் ஓவர்சார்ஜ் பாதுகாப்பைத் தொடாமலே உள்ளே போகும். அந்த வகைப் பேக்குகளை இப்படி இணைக்கவே கூடாது என்பது என் கருத்து.

ஒவ்வொரு பேக்குக்கும் தனி ஃபியூஸ் போட்டிருக்கிறேன். மேலே சொன்ன 6 ஆம்ப்பை அது தடுக்காது. ஒரு பேக் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் மற்றது தன் முழு பலத்தையும் அதில் கொட்டிவிடாமல் இருக்கத்தான் அது. கார்களில் வரும் சாதாரண பிளேட் ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கானது. 54 வோல்ட்டில் அது உருகினாலும் நடுவில் ஆர்க் (இடைவெளியைத் தாண்டும் மின்பொறி) அணையாமல் நிற்கக்கூடும். 80 வோல்ட் டிசி என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கினேன்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேக் வைத்திருப்பவர்கள் வோல்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். நடுப்பகுதியில் அந்த செல்களின் வோல்ட் கிட்டத்தட்ட அசையாது. 40 சதவீதமும் 60 சதவீதமும் மீட்டரில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். தனித்தனியாக முழுசாக ஏற்றி, பிறகு இணைப்பதே சரி.

நான்காம் வருடத்தில் பழைய பேக்கின் உள்தடை ஏறிவிட்டது. ஏற்றத்தில் மிதிக்கும்போது புதிய பேக்தான் பெரும்பகுதி கரண்டைச் சுமந்தது. நின்றதும் பழையது அதற்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரே சார்ஜர் முறையையே விட்டுவிட்டேன். இப்போது இரண்டுக்கும் தனித்தனி சார்ஜர், பகலில், நான் விழித்திருக்கும் நேரத்தில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத தரையில். இரண்டும் நிரம்பி அரை மணி நேரம் ஆறியபின் அளந்து, வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் மட்டும் சைக்கிளில் சேர்க்கிறேன். வராத நாட்களில் புதிய பேக்கை மட்டும் மாட்டிக்கொண்டு, அது தாங்கும் தூரத்துக்குள் போய் வருகிறேன்.