ஏபிஎஸ் விளக்கு நான்கு முறை எரிந்தது, நான்கும் வேறு வேறு பழுது

2018 ஆம் ஆண்டின் கடைசியில் இந்தக் காரை வாங்கினேன். ஜப்பானியத் தயாரிப்பு, இரண்டு கதவு, பின்சில்லு இழுவை, 2006 ஆம் ஆண்டு மொடல். கொழும்பில் இருவர் கைமாறிக் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தது. இன்றுவரை 61,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். பெரும்பகுதி ஏ-9 வீதியிலும் மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலும்தான். எஞ்சினும் கியரும் ஒரு நாளும் என்னை வீதியில் நிறுத்தவில்லை. என்னை அலைக்கழித்தவை மீற்றரில் எரிந்த இரண்டு மஞ்சள் விளக்குகள்: ஒன்று ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சில்லு இறுகி நின்றுவிடாமல் காப்பது), மற்றது சறுக்கல் கட்டுப்பாடு. நான்கு முறையும் யாராவது ஒருவர் "ஏபிஎஸ் யூனிற் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார். நான்கு முறையும் யூனிற்றில் ஒரு குறையும் இருக்கவில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சறுக்கல் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அது பழுது அல்ல, வேலை செய்கிறது என்று பொருள். காலபோக அறுவடை முடிந்ததும் எங்கள் வீதிகளில் தாரின் பாதிக்கு நெல் காயப் போட்டிருப்பார்கள். எதிரே வாகனம் வந்து நெல்லின் மேல் ஒரு சில்லை ஏற்ற நேர்ந்தால், மணிகள் உருண்டு பின்சில்லு வழுக்கும், விளக்கு மின்னும், எஞ்சின் தானாகவே இழுவையைக் குறைக்கும். அணையாமல் நிலையாக எரிந்தால்தான் பழுது.

முதல் பழுது 2019 மாரியில் வந்தது. கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரை நேர் வீதியில் ஒன்றும் இல்லை. சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் இடப்புறம் திருப்பியதும் இரண்டு விளக்குகளும் எரிந்தன. காரை நிறுத்தித் திறப்பைத் திருப்பி மறுபடி இயக்கினால் அணைந்துவிடும். அடுத்த இடப்புற வளைவில் மீண்டும் எரியும். என்னிடமிருந்த மலிவான ஸ்கானர், அதாவது காரின் பழுதுக் குறியீடுகளை வாசிக்கும் கருவி, எஞ்சின் பழுதுகளை மட்டுமே வாசித்தது. பிரேக் பக்கத்தை அதனால் திறக்கவே முடியவில்லை. வாங்க நினைப்பவர்கள் இதை விசாரித்துவிட்டு வாங்குங்கள். எஞ்சின் பழுதுகளின் குறியீடு பி (P) என்ற எழுத்தில் தொடங்கும், பிரேக்கும் சஸ்பென்ஷனும் சி (C) என்ற எழுத்தில் தொடங்கும். சி வரிசையை வாசிக்காத கருவி இந்த வேலைக்கு உதவாது.

வவுனியாவில் ஒரு கராஜில் நல்ல ஸ்கானர் இருந்தது. சி0035 என்று காட்டியது: இடது முன்சில்லின் வேக சென்சர். அங்கேயும் யூனிற் மாற்றத்தான் சொன்னார்கள். நான் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். பரந்தனில் உழவு இயந்திரங்கள் திருத்தும் அண்ணை ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஸ்கானர் இல்லை, ஒரு பழைய மல்டிமீற்றர் இருக்கிறது. காரை ஜாக்கில் தூக்கி, சில்லைக் கழற்றி, சென்சருக்குப் போகும் வயரை விரலால் அங்குலம் அங்குலமாக இழுத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் வயர் இரப்பர் போல நீண்டது. மேலுறையில் கீறல்கூட இல்லை, உள்ளே செம்பு அறுந்திருந்தது. "தம்பி, இந்த இடத்தில் ஒரு கிளிப் இருந்திருக்க வேண்டும்" என்று காட்டினார். முன்பு யாரோ ஷொக் அப்சோபர் மாற்றியபோது கிளிப்பைத் திரும்பப் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். வயர் தொங்கி, ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அதே இடத்தில் மடிந்து மடிந்து அறுந்திருக்கிறது. ஈயம் பற்றவைத்து ஒட்டினோம். அது நான்கு மாதந்தான் தாங்கியது. பற்றவைத்த இடம் விறைத்துப்போவதால் அதன் ஓரத்தில் மறுபடி அறும் என்பதை அதில்தான் கற்றுக்கொண்டேன். பிறகு வயரோடு சேர்ந்த புதிய சென்சர் போட்டேன், கிளிப்போடு. இன்றுவரை பிரச்சினை இல்லை.

இரண்டாவதுதான் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்திய பிறகு, இருக்கும் காரைக் காப்பாற்றுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2021 இல் வலது பின்சில்லில் இரைச்சல் கேட்கத் தொடங்கியது, பெயாரிங் மாற்றினோம். இரைச்சல் போய்விட்டது, விளக்கு வந்துவிட்டது. இந்த முறை அது வந்த விதம் வேறு. திறப்பைத் திருப்பும்போது வழக்கம்போல எரிந்து அணைந்தது. வீட்டு ஒழுங்கையைத் தாண்டி வேகம் 20 கிலோமீற்றரை நெருங்கியதும் எரிந்தது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இயக்கியதுமே அணையாமல் நின்றால் பெரும்பாலும் வயர், இணைப்பு, மின்சாரம் சார்ந்த பழுது. கார் உருளத் தொடங்கிய பிறகு எரிந்தால் மின்சாரம் சரி, சென்சரிலிருந்து வரும் சைகைதான் சரியில்லை.

எனது காரில் இருப்பது மின்சாரம் ஊட்டப்படும் சென்சர். பழைய வகைச் சென்சரின் ஓம் அளவைப் பார்ப்பதுபோல இதைப் பார்க்கக் கூடாது. அந்த அளவுக்குப் பொருளே இல்லை. அண்ணை மல்டிமீற்றரை மில்லி அம்பியரில் வைத்து வயருக்குத் தொடராக இணைத்தார். "மெல்லச் சுற்று தம்பி, ஆமை போல." நல்ல நிலையில் இருந்த இடது பின்சில்லைச் சுற்றியபோது முள் 7, 14, 7, 14 என்று மாறி மாறிக் காட்டியது. வலது பக்கத்தில் 7 இலேயே நின்றது. புதிய சென்சர் வாங்கிப் போட்டாலும் அதே 7 தான். சென்சருக்காகச் செலவழித்த பணம் எனக்கு இப்போதும் வலிக்கிறது.

இத்தகைய பெயாரிங்கின் ஒரு பக்க மூடியில் வடதுருவமும் தென்துருவமுமாக மாறி மாறிக் காந்தமூட்டப்பட்டிருக்கும். அந்தத் துருவங்கள் கடந்து போவதை வைத்தே சென்சர் வேகத்தை அறிவதால், அந்தப் பக்கம் சென்சரைப் பார்த்து இருக்க வேண்டும். பார்வைக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். எங்கள் பெயாரிங்கை மறுபக்கமாக அடித்து ஏற்றியிருந்தார்கள். கழற்றிய பிறகு என் மகளின் பயிற்சிக் கொப்பியிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து வந்து இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தேன். வெளியே பார்த்திருந்த கபில நிற மூடியில் அது மெல்ல ஒட்டிக்கொண்டது. சென்சர் பக்கத்து மூடியில் ஒட்டவில்லை. அழுத்திக் கழற்றிய பெயாரிங்கைத் திரும்பப் போடக் கூடாது என்பதால் இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது. இப்போது பெயாரிங் மாற்றப் போகும்போது என் பையில் ஒரு கிளிப் இருக்கும். கூச்சப்படாமல், ஏற்றுவதற்கு முன் நானே தொட்டுப் பார்க்கிறேன்.

மூன்றாவது, பிரேக் மிதியின் மேலே இருக்கும் சிறிய சுவிச். அது மிதித்ததைத் தாமதமாகச் சொல்லும். பிரேக் அழுத்த சென்சர் மிதித்தாயிற்று என்று சொல்லும். இரண்டும் முரண்பட்டால் விளக்கு எரியும். சுவிச்சை மாற்ற கால் மணி நேரம் போதும்.

நான்காவதில் நான் உண்மையிலேயே பயந்தேன். புதிய ரயர் போட்டு, சில்லுகளின் நேர்மை (வீல் அலைன்மென்ற்) பார்த்துவிட்டு வந்தேன். ஸ்ரியறிங் சற்றுக் கோணலாக நின்றதென்று அங்கே அதைக் கழற்றி நேராக மாட்டித் தந்திருந்தார்கள். முறிகண்டிப் பிள்ளையாரிடம் வழக்கம்போல நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் புறப்பட்டேன். சிறிது தூரத்தில், வளைவென்று சொல்லவும் முடியாத ஒரு வளைவில், ஒரு பக்கத்துப் பிரேக் தானாகப் பிடித்துக் காரை உலுக்கியது. விளக்கு மின்னியது, பிறகு நிலையாக எரிந்தது.

1978 இல் பொஷ் நிறுவனம் மெர்சிடஸ் கார்களுக்குக் கொடுத்த ஏபிஎஸ், சில்லு இறுகி நின்றுவிடாமல் காத்தது. 1995 இல் அதே இரு நிறுவனங்களும் கொண்டுவந்த சறுக்கல் கட்டுப்பாடு இன்னொரு படி மேலே போனது: ஓட்டுநர் ஸ்ரியறிங்கை எவ்வளவு திருப்பினார், கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தாவிட்டால் தேவையான சில்லுக்கு மட்டும் பிரேக் போடும். ஸ்ரியறிங் நேராக இருக்கும்போது கோணச் சென்சர் திரும்பியிருப்பதாகச் சொன்னால், கார் கட்டளைக்கு அடங்கவில்லை என்று அது நினைத்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். ஸ்கானரில் கோணத்தைப் பூச்சியமாக்கியதும் சரியாயிற்று. ஸ்ரியறிங்கையோ சில்லு நேர்மையையோ தொட்டால் இந்த அளவையும் கேட்டுச் செய்வியுங்கள்.

இவ்வளவுக்கும் ஏன் மெனக்கெட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும் என்பது உண்மைதான். (சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட வேண்டாம், முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம், அல்லது பிரேக் ஒயில் குறைந்திருக்கலாம்.) ஆனால் மாரி இரவில் ஏ-9 இல் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: மழை பெய்தால் மாடுகள் வயலை விட்டுத் தாரில் ஏறிப் படுக்கும். 2023 டிசம்பரில் புளியங்குளம் தாண்டி, எதிர் பஸ்ஸின் வெளிச்சம் விலகிய கணத்தில் ஒரு கறுப்பு மாடு கன்றோடு நின்றது. மிதியை முழுவதும் அழுத்தினேன். பாதத்தின் கீழே அது படபடவென்று துடித்தது. ஸ்ரியறிங்கைத் திருப்பியபோது கார் திரும்பியது. பக்கக் கண்ணாடியை மாட்டின் வால் தட்டியது. சில்லு இறுகியிருந்தால் கார் நேரே போயிருக்கும்.

அதனால்தான் மீற்றரிலிருந்து மின்குமிழைக் கழற்றிவிட்டுக் காரை விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. திறப்பைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். போன மாதம் நண்பர் ஒருவருக்காகப் புதுக்குடியிருப்பில் ஒரு கார் பார்க்கப் போனோம். திறப்பைத் திருப்பினேன், எல்லா விளக்கும் எரிந்தன, அந்த ஒன்றைத் தவிர. மீற்றரைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். மின்குமிழின் மேல் கறுப்பு ரேப் ஒட்டியிருந்தது. நண்பர் முற்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.