செம்மறித் தோல் என்று சொல்லி விற்ற கர்த்: வாங்குமுன் முடியைப் பிரித்துப் பாருங்கள்

குதிரை ஓட்டுபவர்களும், பிள்ளைகளைக் குதிரையேற்றத்துக்கு அனுப்பும் பெற்றோரும் கொஞ்சம் நின்று படியுங்கள். "ஒரிஜினல் செம்மறித் தோல்" என்று சொல்லி, சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு இறுக்கும் கர்த் பட்டைக்கு என்னிடம் 180 வெள்ளி வாங்கிக்கொண்டு பாலியெஸ்டர் பஞ்சைக் கொடுத்திருக்கிறார்கள். வலியை அனுபவித்தது வாயில்லா ஜீவன்.

முத்து, சிங்கப்பூர் கிராஞ்சி பந்தயத் திடலில் ஓடிய குதிரை. 2024 அக்டோபர் 5-ல் அங்கே கடைசிப் பந்தயம் முடிந்த பிறகு சவாரிக்குப் பழக்கினோம். தரோபிரெட் இனம், தோல் ரொம்ப மெல்லிசு. நம்மூர்ப் புழுக்கத்தில் காலை ஏழு மணிக்கே நெஞ்சோரம் நனைந்துவிடும். கர்த் சரியில்லையென்றால், முன்னங்கால் முழங்கை மூட்டுக்குப் பின்னால், தோல் மடியும் இடம்தான் முதலில் புண்ணாகும். பழைய நியோபிரீன் (செயற்கை ரப்பர்) கர்த் வியர்வையை உள்ளேயே தேக்கியது. கம்பளி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அழுத்தமும் ஓரிடத்தில் குவியாது என்றுதான் செம்மறித் தோல் தேடினேன்.

இணையத்தில் விற்றவர் நம்ம ஆள். "நம்பி வாங்குங்க அக்கா, ஆஸ்திரேலியா சரக்கு" என்றார். நான்காவது சவாரி முடிந்து அவிழ்த்தால், இடதுபக்கம் ஐம்பது காசு அளவுக்கு முடி போய்த் தோல் செக்கச்செவேல் என்றிருந்தது. கையைக் கிட்டே கொண்டுபோனதுமே காதைப் பின்னால் மடித்துப் பல்லைக் காட்டினான். என்னிடம் ஒருநாளும் அப்படிச் செய்தவனில்லை.

பல வருஷம் லாயத்தில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, இருந்த அண்ணன் ஒருவர் கர்த்தை வாங்கி, முடியை விரலால் பிரித்தார். "தோல் எங்கம்மா இதுல?" அடியில் பின்னல் துணி! நிஜச் செம்மறித் தோலில் முடியின் வேரடியில் தோல் தெரியும். லாயத்துக்கு வெளியே, வைக்கோல் இல்லாத இடத்தில், இரண்டு இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டினார். கம்பளியானால் தலைமுடி கருகும் வாடை அடிக்கும், நசுக்கினால் பொடியாகும். இது உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. எலாஸ்டிக்கும் ஒரு முனையில்தான். விளம்பரப் படத்தில் இரண்டு முனையிலும் இருந்தது. ஒரே பக்கம் எலாஸ்டிக் இருந்தால் இழுப்பு சமமாக வராது.

கேட்டதற்கு, "யூஸ் பண்ணிட்டீங்க, திருப்பி எடுக்க முடியாது" என்று ஒரு வரி. அடுத்த நிமிடம் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். இதைக் கேட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கடைக்காரரிடம் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்த குறை என்றுதான் இங்குள்ள சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டவேண்டியது விற்றவர் பொறுப்பு. விளம்பரப் படம், ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன்.

முத்துவுக்கு மூன்று வாரம் சேணமே வைக்கவில்லை. கையில் பிடித்து நடத்தியதோடு சரி. புண் ஆறிவிட்டது. கரும்பழுப்பு உடம்பில் அந்த இடத்தில் மட்டும் முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது.