கென்ட்டா, புரூஜா? வான் ஐக்கைப் பார்க்க ஒரே நாள்தான் என்றால்

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் ரயிலேறினால் அரை மணியில் கென்ட், ஒரு மணியில் புரூஜ். இரண்டும் ஒரே தடம். இரண்டையும் நான் பார்த்தாயிற்று; ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு என் ஓட்டு புரூஜுக்குத்தான்.

புகழில் கென்ட்தான் பெரிது. ஓவியர் ஹூபர்ட் வான் ஐக் தொடங்கி, அவர் தம்பி யான் 1432-இல் முடித்த, பல மரப்பலகைகளை மடித்து விரிக்கும் பலிபீட ஓவியம் புனித பாவோ பேராலயத்தில் இருக்கிறது. 1934-இல் திருடுபோன அதன் ஒரு பலகை இன்றுவரை அகப்படவில்லை; அங்கே இருப்பது நகல்.

எனக்கு முடிவைச் சொன்னது கண்ணுக்கும் ஓவியத்துக்கும் உள்ள தூரம். யான் வான் ஐக் எண்ணெய் வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ரோமக்கால் வரை தீட்டுகிறவர். அந்த வேலைப்பாடு கிட்டப் போனால்தான் பிடிபடும். கென்ட் ஓவியமோ விரித்த நிலையில் மூன்று மீட்டருக்கு மேல் உயரம், அதுவும் கண்ணாடிப் பேழைக்குள். மேல்வரிசை ஆதாம் ஏவாளை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அதன் நுணுக்கப் படங்களை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். நேரில் பார்த்ததைவிட அதில்தான் அதிகம் பார்த்தேன்.

புரூஜின் க்ரூனிங்கே அருங்காட்சியகத்தில் கதை வேறு. 1436-ஆம் ஆண்டின் 'வான் டெர் பாலே' மாதா ஓவியம் ஒன்றரை மீட்டர் அகலம்தான், முகங்கள் ஏறக்குறைய நம் கண்மட்டத்தில். படத்தில் இருக்கும் முதிய பாதிரியார் வான் டெர் பாலே கையில் பிடித்திருக்கும் மூக்குக்கண்ணாடி வழியே புத்தகத்தின் எழுத்து நெளிகிறது. ஜார்ஜ் புனிதரின் கேடயத்தில் மங்கலாக ஓர் ஆள் பிரதிபலிக்கிறான். ஓவியர் தன்னையே ஒளித்து வைத்திருக்கிறார் என்கிறார்கள். வெகுநேரம் தேடித்தான் கண்டுபிடித்தேன். அங்கேயே 1439-இல் மனைவி மார்கரெட்டை வரைந்த படமும் உண்டு. அந்த அம்மாள் நம்மை எடைபோடுகிற பார்வைக்காகவே இன்னொரு தரம் போகலாம்.

சில நிமிட நடையில் புனித யோவான் மருத்துவமனை. அதற்கென்றே மெம்லிங் என்ற ஓவியர் வரைந்தவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன. புனித உர்சுலாவின் திருப்பண்டங்களுக்காகத் தேவாலய வடிவில் செய்து, அவர் ஓவியம் தீட்டிய சின்னப் பேழையைச் சுற்றி வந்து பார்க்கலாம்.

ஒன்று: நான் போனது குளிர்காலம், கூட்டமில்லை. கோடையில் புரூஜ் நெரியும் என்கிறார்கள். அப்போது படத்தின் முன் இத்தனை நேரம் நிற்க விடுவார்களா, சொல்ல முடியாது.

குழந்தைகளோடு போகிறவர்கள் மட்டும் கென்ட் பக்கம் சாயலாம். ஒரே ஓவியம், கூடவே திருட்டுக் கதை, சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். மேல்வரிசைப் பலகைகளில் 2023-இல் புதுப்பிப்பு வேலை தொடங்கியதால், எவை பீடத்தில் இருக்கின்றன என்று விசாரித்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.