வீட்டில் கண்ட எட்டுக்கால் பூச்சி விஷமா? குழப்பும் ஜோடிகளை எதிரெதிரே வைத்து ஓர் அலசல்

வீட்டில் பார்த்த எட்டுக்கால் பூச்சியைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அளவையும் நிறத்தையும்தான் சொல்வார்கள். "பெருசா, பிரவுன் கலர்ல இருந்துச்சு." இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கிட்டத்தட்ட எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு, இரையைக் கொல்வதற்கு. மனிதருக்குக் கெடுதல் செய்யக்கூடியவை மிகச் சிலதான். எங்கே இருந்தது, வலை இருந்ததா, எப்படி உட்கார்ந்திருந்தது என்ற மூன்றையும்தான் நான் முதலில் கேட்பேன். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வீடுகளில் ஆள் மாறாட்டம் நடப்பது சில ஜோடிகளுக்குள்தான்.

முதல் ஜோடி, பாத்ரூம் சுவரில் ஓடும் பெரிய சிலந்தியும் டரன்டுலாவும். சுவரில் ஓடுவதை ஹன்ட்ஸ்மேன் என்பார்கள். கால்களை விரித்தால் உள்ளங்கை அகலம் இருக்கும், ஆனால் உடம்பு தட்டை. கதவு இடுக்கில், காலண்டருக்குப் பின்னால் சுலபமாக நுழைந்துவிடும். கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும், முகத்தில் கண்களுக்குக் கீழே ஒரு வெளிர் பட்டை தெரியும். வலை பின்னாது, கரப்பான் பூச்சியைத் துரத்திப் பிடிக்கும். பெண் சிலந்தி காசு போலத் தட்டையான முட்டைப் பையை வயிற்றுக்கு அடியில் தூக்கிக்கொண்டே திரியும். அதைப் பார்த்துத்தான் பலர் பயந்துபோகிறார்கள். கையில் வைத்து நசுக்கினால் கடிக்கும், வலித்து வீங்கும், அவ்வளவுதான்.

டரன்டுலாவின் உடம்பு தட்டையாக இருக்காது. கால்கள் தடித்து, முடி அடர்ந்திருக்கும். எட்டுக் கண்களும் தலையில் ஒரே சின்ன மேட்டில் நெருக்கிக்கொண்டு இருக்கும். மண் வளையிலும் மரப்பொந்திலும் வாழும் இது வழவழப்பான டைல்ஸ் சுவரில் காட்சி தருவது அபூர்வம். மரத்தில் வாழும் பொசிலோதீரியா வகை கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு வந்து நாட்கணக்கில் நீடிக்கலாம். அதனால் மலையடிவாரத்தில், பழைய புளியமரம் ஒட்டிய வீடுகளில் முடி அடர்ந்த பெரிய சிலந்தியைக் கண்டால் கை வைக்காதீர்கள். நகரத்து பாத்ரூமில் பார்த்தது என்றால் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் ஹன்ட்ஸ்மேன்தான் என்பேன். டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி வெளியே விடுங்கள். வீட்டில் கரப்பான் இருந்தால் ஹன்ட்ஸ்மேனை வெளியே விடாமல் வைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டாவது ஜோடியில்தான் கவனம் வேண்டும். கூரை மூலையில் ஒட்டடை கட்டும் மெல்லிய நீளக் கால் சிலந்தி ஒன்று, பிரவுன் விடோ மற்றொன்று. மூலைச் சிலந்தியைத் தொட்டால் உருவமே மங்கித் தெரியும் வேகத்தில் உடம்பை ஆட்டும். உலகிலேயே கொடிய விஷம் இதற்குத்தான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு ஆதாரம் கிடையாது. ஒட்டடைக் குச்சியால் எடுத்துப் போட்டால் போதும்.

பிரவுன் விடோ கூரை மூலையைவிட வெளியில்தான் அதிகம் தங்கும். மொட்டைமாடி பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்கம், காலிப் பூந்தொட்டி, திறக்காத ஷட்டர், ரொம்ப நாள் எடுக்காத சைக்கிள் எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். உடம்பு ஒரு சென்டிமீட்டர் அளவு, வயிறு உருண்டை, கால்களில் வரி வரியாக இருக்கும். தலைகீழாகத் தொங்கும்போது வயிற்றின் அடியில் ஆரஞ்சு நிற உடுக்கை வடிவம் தெரியும். வலை ஒழுங்கில்லாமல் கிடந்தாலும் நூல் முரடு, குச்சியால் இழுத்தால் படபடவென்று அறுபடும் சத்தம் கேட்கும். உறுதியான அடையாளம் முட்டைப் பைதான். உடம்பெல்லாம் முள் துருத்திக்கொண்டு குட்டி ஊமத்தங்காய் தொங்குவது போல இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் வேறு சோதனை தேவையில்லை. தானாக வந்து கடிக்காது, நாற்காலியைத் தூக்கும்போது விரலில் மாட்டினால்தான் கடிக்கும். பெரும்பாலும் கடித்த இடத்தில் வலியோடு நின்றுவிடும். குழந்தையோ வயதானவரோ என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு முட்டைப் பைகளை நசுக்கி எடுத்துவிடுவது நல்லது.

ஜன்னலில் குதித்துக் குதித்துப் போகும், முன்னால் இரண்டு பெரிய கண்கள் உள்ள குட்டிச் சிலந்தியும், குஞ்சுகளை முதுகில் சுமந்து தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்தியும் ஆபத்தில்லாதவை.

மூன்றாவது ஒப்பீடு கடித்த தடத்தைப் பற்றியது. எனக்கு இதுதான் முக்கியம். பூச்சியைப் பார்க்காமலே தடத்தைப் பார்த்து "எட்டுக்கால் பூச்சிதான்" என்று முடிவு கட்டுகிறோம். ஒரு பக்கமாக வரிசையில் கொப்புளம் வந்தால் எட்டுக்கால் பூச்சி மேலே ஊர்ந்தது என்று சொல்லி அக்கி எழுதப் போவார்கள். அது சின்னம்மை வைரஸின் வேலை.

வலியே இல்லாமல், சிகரெட் சுட்டது போலக் கருத்த பொருக்கு அக்குளிலோ தொடை இடுக்கிலோ இருந்து, கூடவே காய்ச்சலும் தலைவலியும் இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. வேலூர் வட்டாரத்தில் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் இது புதிதல்ல. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் இரண்டும் வேலை செய்யும். தீவிர நோயாளிகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது கூடுதல் பலன் தருகிறது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) தலைமையில் நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

அதைவிட அவசரம் கட்டுவிரியன் கடி. தரையில் பாய் விரித்துத் தூங்குபவரை ராத்திரியில் கடிக்கும். வலியோ வீக்கமோ அனேகமாக இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். காலையில் வயிற்று வலி, கண்ணிமை தொங்குதல், விழுங்க முடியாமை என்று ஆரம்பித்து மூச்சு வரை போகும். இப்படி இருந்தால் பூச்சியைத் தேடிக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிட்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே "எட்டுக்கால் பூச்சி கடிச்சிடுச்சு" என்று முடிவாகச் சொல்லாதீர்கள். எங்கே படுத்திருந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், முதலில் என்ன தொந்தரவு வந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.