கேபிடல் லெட்டர் பயிற்சி அட்டைகள்: வாங்கலாம், ஆனால் அப்படியே பயன்படுத்த வேண்டாம்

மார்க்கரால் எழுதி அழிக்கும் கேபிடல் லெட்டர் அட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகின்றன. அட்டைக்கு ஓர் ஆங்கில வாக்கியம், முழுக்க ஸ்மால் லெட்டரில். கேபிடல் வரவேண்டிய எழுத்தைக் குழந்தை கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். விடை பின்பக்கத்தில் இருக்கும். வாக்கியத் தொடக்கம், ஆட்பெயர், ஊர்ப்பெயர், கிழமை, மாதம், 'நான்' என்பதற்கான 'ஐ' என்று விதி விதியாகப் பிரித்திருப்பார்கள். இந்தப் பிரிப்புதான் இவற்றின் பெரிய பலம். ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டும் கவனிக்கச் சொன்னால் சின்னக் குழந்தையால் முடியும். ஆறையும் சேர்த்துக் கேட்டால் ஊகிக்கத் தொடங்கிவிடும்.

வரிசைதான் சரியில்லை. பெரும்பாலான தொகுப்புகள் வாக்கியத் தொடக்கத்தை முதலில் வைக்கின்றன. வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாத குழந்தைக்கு அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. அதனால் ஆட்பெயர் அட்டைகளை முதலில் எடுங்கள். தன் பெயரிலிருந்தே தொடங்கலாம். பிறகு 'ஐ'. கிழமையும் மாதமும் அடுத்து. வாக்கியத் தொடக்கத்தைக் கடைசியில், முற்றுப்புள்ளியோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

இந்த அட்டைகளின் உண்மையான குறை இன்னொன்று. அட்டைக்கு ஒரே வாக்கியம், அதுவும் ஒரே வரியில் இருப்பதால், 'வரியின் முதல் எழுத்து கேபிடல்' என்றுதான் குழந்தை கற்றுக்கொள்கிறது. நோட்டில் நாலு வரி எழுதச் சொன்னால், வாக்கியம் முடியாமலே அடுத்த வரிக்குப் போகும்போதும் அங்கே ஒரு கேபிடல் போடும். வரியின் நடுவில் தொடங்கும் புது வாக்கியத்தை விட்டுவிடும். இதைச் சரிசெய்ய ஒரு வெற்று அட்டை போதும். மூன்று சின்ன வாக்கியங்களை முற்றுப்புள்ளி வைக்காமல் தொடர்ச்சியாக, வரி மடங்கும்படி எழுதுங்கள். முதலில் முற்றுப்புள்ளிகளை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அடுத்த எழுத்தைத் திருத்துவது இரண்டாவது வேலை.

பிழையே இல்லாத அட்டை ஒன்றுகூட இல்லாததும் தவறு. எல்லா அட்டையிலும் ஏதோ ஒன்றைத் திருத்தியே ஆகவேண்டும் என்று பழகிய குழந்தை, சரியான எழுத்தையும் மாற்றும். ஐந்துக்கு ஒன்றாவது சரியான வாக்கியம் கலந்திருக்கட்டும். 'என்னை', 'நாங்கள்' என்பதற்கான சொற்களுக்கு வாக்கிய நடுவில் கேபிடல் கிடையாது. மாதப் பெயர்களுக்கு உண்டு, கோடை, குளிர்காலம் போன்ற பருவங்களுக்கு இல்லை. இப்படி ஏமாற்றும் சொற்களை அந்த அட்டைகளில் வையுங்கள். அம்மாவைப் பெயர்போல் எழுதினால் கேபிடல், 'என் அம்மா' என்றால் ஸ்மால் என்ற நுணுக்கம் இந்த வயதுக்கு அவசரமில்லை.

எழுத்துருவையும் பார்த்து வாங்குங்கள். சில அட்டைகளில் கேபிடல் 'ஐ'யும் ஸ்மால் 'எல்'லும் ஒரே நேர்கோடாக அச்சாகியிருக்கும்; மேலும் கீழும் குறுக்குக்கோடு உள்ள 'ஐ' இருப்பதே நல்லது. சி, ஓ, எஸ், வி, எக்ஸ் போன்றவற்றுக்கு இரண்டு வடிவமும் ஒன்றே, அளவு மட்டுந்தான் வேறு. தமிழில் இப்படி ஓர் எழுத்துக்குப் பெரிய உரு, சிறிய உரு என்று கிடையாது. நம் குழந்தைகளுக்கு இந்த வேறுபாடு புதிது. கோடில்லாத அட்டையில் அந்த அளவு வேறுபாடு தெரியவே தெரியாது. நாலு கோடு போட்ட அட்டையாக வாங்குங்கள், இல்லையென்றால் அதே வாக்கியத்தை நாலு கோடு நோட்டில் மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

சொல்லின் நடுவில் திடீரென்று கேபிடல் பி (B), டி (D) வந்தால் அதை விதி தெரியாத பிழையாக எடுக்காதீர்கள். ஸ்மால் லெட்டரில் அவை இரண்டும் இடம் வலம் திரும்பிய ஒரே உரு. குழப்பத்தைத் தவிர்க்கத்தான் குழந்தை கேபிடலுக்குத் தாவுகிறது. அதற்கு வேண்டியது இந்த அட்டைகள் அல்ல, அந்த இரண்டு எழுத்தை மட்டும் தனியே எழுதும் பயிற்சி.

மார்க்கர் எழுத்தைப் பல நாள் விட்டுவிட்டால் துணிக்கு வராது. அதன்மேல் மறுபடி மார்க்கரால் பூசி உடனே துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.