ஸ்லோ குக்கரோடு எட்டு மாதம்

3.5 லிட்டர் ஸ்லோ குக்கர், அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்காக மெதுவாக வேகவைக்கிற மின்சாரப் பாத்திரம். உள்ளே கனமான பீங்கான் பாத்திரம், மேலே கண்ணாடி மூடி, லோ, ஹை, வாம் (வெந்ததைச் சூடாக வைத்திருக்க) என்று திருப்ப ஒரு குமிழ், அவ்வளவுதான். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வாரத்தில் நான்கு நாளாவது இதில்தான் சமைக்கிறேன்.

முதல் வாரம் ஏமாற்றம்தான். அடுப்பில் சமைக்கிற அளவுக்கே தண்ணீர் ஊற்றினேன், எல்லாம் நீர்த்துப்போனது. ஆவி மூடியில் துளித்துளியாகப் படிந்து திரும்ப உள்ளேயே சொட்டுகிறது. வற்ற வழியே இல்லை. இப்போது பாதித் தண்ணீர்தான் விடுகிறேன். மூடியையும் திறந்து திறந்து பார்ப்பதில்லை. ஒருமுறை திறந்தால் இறங்கிய சூடு ஏற இருபது முப்பது நிமிடம் பிடிக்கிறது.

இதன் அருமை தெரிவது முரட்டு இறைச்சியில். காலையில் வெங்காயத்தையும் கறியையும் வாணலியில் சிவக்க வதக்கிவிடுவேன், ஏனென்றால் குக்கருக்குள் எதுவும் சிவக்காது. உருளைக்கிழங்கும் கேரட்டும் கறியைவிட மெதுவாக வேகும் என்பதால் அவை அடியில், கறி மேலே. லோவில் எட்டு மணி நேரம். மாலையில் கரண்டி பட்டதுமே கறி எலும்பைவிட்டுக் கழன்று வருகிறது. கறியிலுள்ள கொலாஜன் என்ற கடினமான புரதம் பசைபோன்ற ஜெலட்டினாகக் கரைந்து, சாறு உதட்டில் லேசாக ஒட்டுகிறது. பிரஷர் குக்கரில் சீக்கிரம் வேகும், சரி, ஆனால் இந்தப் பதம் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

மீனுக்கு இது ஆகாது. பால், தயிர் சேர்ப்பதென்றால் கடைசி அரைமணி நேரத்தில் சேர்க்கிறேன், முன்பே விட்டால் திரிந்துவிடும்.

சிவப்பு ராஜ்மாவை மட்டும் தயவுசெய்து பச்சையாக அப்படியே போடாதீர்கள். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு இந்த மெல்லிய சூட்டில் சரியாக அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே குக்கருக்கு மாற்றுகிறேன். கூட வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. வீட்டில் குழந்தை சாப்பிடுகிறது, எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.

பாத்திரத்தைத் தனியே எடுத்துக் கழுவலாம். சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் படக்கூடாது, விரிசல் விடும்.

பெரிய குறை, டைமர் இல்லாதது. ஒருநாள் வேலை இழுத்து, பதினோரு மணி நேரம் கழித்து வந்தேன். காய்கறி எல்லாம் கூழ். நேரம் முடிந்ததும் தானாக வாமுக்கு மாறுகிற மாடல்கள் இருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.