நகைக்கடை பஜார் லென்ஸும் தேன்பெட்டிப் பொய்த்தேளும்

லென்ஸின் விளிம்பில் ‘30 எக்ஸ்’ என்று பொறித்திருக்கிறது. காட்டுவதோ பத்து மடங்குதான். இருந்தும் நல்ல லென்ஸ், தாராளமாக வாங்கலாம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

நகைக்காரர்கள் கல் பார்க்க வைத்திருக்கும் மடிப்பு லென்ஸ் இது. உலோக உறைக்குள் மடங்கி உள்ளங்கையில் அடங்கிவிடும். விலை 250 ரூபாய். மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடை பஜாரில், பட்டறைச் சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். உரைகல், ஊதுகுழல், சாமணம், குட்டித் தராசு என்று கூரை வரை அடுக்கியிருப்பார்கள். எனக்கு நகையோடு பெரிய சம்பந்தம் கிடையாது. விலங்கியல் படித்துவிட்டு அழகர்கோவில் பக்கத்து மாந்தோப்புகளில் தேன்பெட்டி வைத்துப் பிழைக்கிறேன். பெட்டியின் அடிப்பலகைக் குப்பையில் என்னென்ன ஊர்கிறது என்று பார்க்க ஒரு லென்ஸ் தேவைப்பட்டது.

“முப்பதுன்னு போட்டிருக்கேண்ணே?” என்று கேட்டதற்குக் கடைக்காரர் மழுப்பவில்லை. “அது சும்மா போடுறதும்மா. பத்துதான் வரும். கல்லுக்கு அது போதும்.” வீட்டுக்கு வந்து நானும் சோதித்தேன். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெள்ளைத்தாளை ஒட்டி, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தினால் எதிர்வீடு தலைகீழாகத் தாளில் விழும். படம் தெளிவாகும் இடத்தில் லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளக்க வேண்டும். 250 மில்லிமீட்டரை அந்த அளவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைத்துவிடும். எனக்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் வந்தது. நிஜமாகவே முப்பது மடங்கு என்றால் 8 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. எந்தக் கடையில் வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

பார்க்கும் பொருளையும் லென்ஸிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில்தான் வைக்க வேண்டும். அந்த 25 மில்லிமீட்டர் இடைவெளியால்தான் நான் பொய்த்தேளை முழுதாகப் பார்க்க முடிந்தது. மழைக்குப் பிறகு ஒரு பெட்டியின் அடிப்பலகையைத் தட்டியபோது, மெழுகுத் தூளுக்கு நடுவே எள்ளளவில் ஏதோ நகர்ந்தது. தோப்புக்காரர் எட்டிப் பார்த்து, “தேள் குட்டிம்மா, நசுக்கிருங்க” என்றார். லென்ஸில் பார்த்தால் வாலும் இல்லை, கொடுக்கும் இல்லை. பின்புறம் உருண்டையாக, வளையம் வளையமாக முடிகிறது. முன்னால் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் செம்பழுப்பாக இரண்டு இடுக்கிகள். எட்டுக் கால்கள். சிலந்தி வகுப்பைச் சேர்ந்ததுதான், ஆனால் தேள்களிலிருந்து வேறான தனி வரிசை. உலகத்தில் இதுவரை 4,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை 2 முதல் 8 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். எல்லாவற்றிலும் பெரியது அட்லாண்டிக் கடலில் அசென்ஷன் தீவில் இருக்கிறது, அதுவே 12 மில்லிமீட்டர்தான்.

இதன் இடுக்கிகளில் நீள நீளமாக மெல்லிய முடிகள் உண்டு. காற்று லேசாக அசைந்தாலும் அவை உணர்ந்துவிடும். நம் மூச்சுப் பட்டால் போதும், இடுக்கியை மடக்கிக்கொண்டு அப்படியே பின்பக்கமாக ஓடும். முன்னால் நடப்பதைவிட அந்த ஓட்டம்தான் வேகம். என் தம்பி இணையத்தில் வரவழைத்த, போனில் கவ்வும் மேக்ரோ லென்ஸ் இங்கேதான் தோற்றது. அதை ஒரு சென்டிமீட்டருக்குள் கொண்டுபோனால்தான் படம் தெளியும். அதற்குள் போனின் நிழல் விழுந்து, கை நடுங்கி, பிராணி மெழுகுத் தூளுக்குள் போய்விடுகிறது. பத்து மடங்கு லென்ஸில் வெளிச்சம் பக்கவாட்டில் தாராளமாக நுழையும், மூச்சை ஒரு நிமிடம் அடக்கினாலே போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பலகையை அதன் அருகே கொண்டுவாருங்கள். குனிந்து லென்ஸைப் பலகை மேல் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தெரிந்ததைச் சொல்கிறேன். இடுக்கி விரல்கள் திறந்து மூடுவது தெரியும். பெரும்பாலான இனங்களுக்கு விஷம் அந்த விரல்களில்தான், மனிதர்களை ஒன்றும் செய்யாது. பெண்ணாக இருந்து காலமும் சரியாக அமைந்தால் வயிற்றுக்கு அடியில் முட்டைப் பை தெரியும். தாய் தன் உடலிலிருந்து சுரக்கும் சத்து நீரைக் கொடுத்து அதற்குள்ளேயே கருக்களை வளர்க்கிறது. தோலுரிக்கும் காலத்தில் வாயருகே உள்ள உறுப்பிலிருந்து பட்டு நூற்றுச் சின்னக் கூடு கட்டிக்கொள்ளும். அந்த வெள்ளைக் கூட்டை எங்கள் புளியமரப் பட்டைக்கு அடியில் பார்த்தேன். நூல் இழைகளைப் பிரித்துக் காட்ட இந்த லென்ஸுக்குத் திராணி இல்லை.

எந்த இனம் என்று கண்டுபிடிக்கவும் இது உதவாது. இந்தியத் தேனீக்களின் கூடுகளில் வாழும் எல்லிங்சேனியஸ் இண்டிகஸ் என்ற இனத்தை 1932-இல் சாம்பர்லின் என்ற அமெரிக்க ஆய்வாளர் விவரித்திருக்கிறார். என் பெட்டியில் இருந்தது அதுதானா என்று பார்க்க, இடுக்கி முடிகள் ஒவ்வொன்றும் முளைத்திருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும், கல்லூரிக்குத்தான் போக வேண்டும். அந்த ஆசையில் இணையத்தில் ‘60 எக்ஸ்’ பொம்மைகளை வாங்காதீர்கள்.

தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் அடுத்துக் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: தேனீக்களை ஒட்டிப் பிழைத்துக் கூட்டையே நலியவைக்கும் வர்ரோவா உண்ணியைப் பொய்த்தேள் தின்னுமா? நியூசிலாந்தில் தேன்பெட்டிப் பொய்த்தேள்களின் குடலைப் பரிசோதித்து, தின்கிறது என்று டி.என்.ஏ. மூலம் உறுதி செய்திருக்கிறார்கள். அதற்காக இதை நம்பி உண்ணிக்குச் செய்ய வேண்டியதை விட்டுவிட முடியாது. ஒரு பெட்டியில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். நசுக்காமல் விட்டால் சரி. உண்ணி ஒன்றரை மில்லிமீட்டர் அகலம்தான், செம்பழுப்பில் தட்டையாக இருக்கும். லென்ஸில் பார்த்துப் பழகிவிட்டால் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1665-இல் தன் மைக்ராஸ்கோப் படங்களோடு இந்தப் பிராணியையும் வரைந்து வெளியிட்டார். செப்டம்பரில் ஒரு நாள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் மேலேயே அது ஊர்ந்து வந்ததாம். நம் வீட்டுப் பழைய புத்தகங்களிலும் இருக்கலாம். தாள்களில் ஓடும் புத்தகப் பேனைத் தின்பதற்காக வருவதுதான், தாளை ஒன்றும் செய்வதில்லை.

குறைகளுக்கு வருவோம். பார்வையின் ஓரத்தில் ஊதாவும் மஞ்சளுமாக நிறம் பிரிகிறது. மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த லென்ஸில் இது குறைவாக இருக்கும், ஆனால் விலை பல மடங்கு. உறையின் முலாம் மாந்தோப்பு ஈரத்தில் உரிய ஆரம்பித்துவிட்டது. மடிப்புத் திருகும் தளர்ந்தது. பஜார் பக்கம் போனபோது கடைக்காரர் காசு வாங்காமல் முடுக்கிக் கொடுத்தார். எல்.இ.டி. விளக்கு வைத்த மாதிரியும் அங்கே இருக்கிறது, வேண்டாம். நேரே விழும் வெளிச்சத்தில் பழுப்பு உடம்பு பளபளத்து வளையங்கள் மறைந்துபோகின்றன. காலை வெயில் போதும்.

வண்டியை அந்த வீதிக்குள் கொண்டுபோகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. கூட்டம் சேர்வதற்கு முன் காலையிலேயே நடந்து போனால், டப்பாவைப் பிரித்து இரண்டு மூன்று லென்ஸை வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து எடுக்கலாம். கண்ணாடிக்குள் குமிழி இருக்கிறதா, திருகு ஆடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கழுத்தில் மாட்ட ஒரு கயிறும் கேளுங்கள். கடைக்காரரிடம் இருக்கிறது, கேட்டால்தான் தருவார்.